சூடாமணி சொன்ன பேர்

கரமனையிலே எங்க அடுத்தாத்து மருமகள் சூடாமணி. மாமனார் பேர் பஞ்சாபகேசன். நாங்க யாருமே மாமனார் பேரைச் சொல்லமாட்டோம், ஆனா இவள் ஒரு படி மேலே. பஞ்சாங்கத்தைக்கூட 'நாள் பாக்கற புஸ்தகம்'னுதான் சொல்லுவாள். நான் கேலி பண்ணாத நாள் கிடையாது.

முப்பத்தாறாம் வருஷம் தெருச் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தது. பொம்மனாட்டிகளுக்கும் ஓட்டுன்னு அந்தத் தடவைதான் தீர்மானம். அவ மாமனாரும் குமாஸ்தா நாகேஸ்வரனும் நின்னா. ஜெயிச்சா தெருவுக்குக் குழாய் கொண்டுவரேன்னான் நாகேஸ்வரன். குழாய்க்குள்ளே தோல் வாஷர் இருக்கு, மடி ஆசாரம் போயிடும்னார் அவ மாமனார், பஞ்சாபகேச மாமா. மடியாம் மடி! குடம் சுமக்கறவளைக் கேட்டாரா? முந்தின வருஷம் படித்துறையிலே வழுக்கி விழுந்து சூடாமணிக்குக் கர்ப்பம் கலைஞ்சது. இப்போ மறுபடியும் ஏழு மாசம், தினம் ஆத்தங்கரையிலேர்ந்து எட்டுக் குடம் தண்ணி. மத்தபடி மாமா அவளை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை, அதையும் சொல்லணும்.

பஜனை மடத்திலே காரியதரிசி நோட்டோட உக்காந்திருந்தார். ஒவ்வொருத்தரும் தான் ஓட்டுப் போடறவர் பேரை வாய்விட்டுச் சொல்லணும். சூடாமணி தலையைக் குனிஞ்சுண்டு நின்னாள்.

"மாமனார் பேரை அவ எப்படி ஓய் சொல்லுவா? நீரே எழுதிக்கும்"னு யாரோ கத்தினா.

"பேர் சொன்னாத்தான் ஓட்டு"ன்னார் காரியதரிசி.

"நாகேஸ்வரன்"னாள் சூடாமணி.

மடமே சிரிச்சது. மாமா ஒரு ஓட்டிலே தோத்தார். ஆனாலும் மனுஷனுக்கு என்ன பெருமை! "நான் தோத்தாலும் தோக்கட்டும்னு மரியாதையைக் காப்பாத்தினா பாரு, அவதான் மருமகள்!"னு வழியெல்லாம் சொல்லிண்டே வந்தார்.

ஆத்துக்கு வந்ததும் சூடாமணி அவர் கால்லே விழுந்தாள். நான் அவா கூடத்திலேதான் நின்னுண்டிருந்தேன்.

"அப்பா, அந்தப் புகழ் எனக்கு வேண்டாம். மருமகள் உங்க பேரைச் சொல்லலாம்னு வழக்கம் இருந்திருந்தாலும் நான் அவர் பேரைத்தான் சொல்லியிருப்பேன்."

மாமா முகம் செத்துப்போச்சு. "என்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதோ?"

"கேட்டா வேண்டாம்னிருப்பேள். நீங்க வேண்டாம்னா நான் மீறமாட்டேன். அதனாலதான் கேக்கலை."

அப்புறம், "எழுந்திருடி குழந்தே, வயத்துப் பிள்ளையோட குனியாதே"ன்னார்.

எனக்கு அங்கே நிக்க முடியலை. அன்னிக்கு எனக்கும் ஓட்டு இருந்தது. எங்காத்துக்காரர் சொன்ன பேரைச் சொல்லிட்டு வந்திருந்தேன். அது பஞ்சாபகேசன்.