நடுத்தெரு காலியான நகரம்

அந்த சூப்பர்ஹீரோ படத்தை ஆரணியில் பார்த்தபோது, பக்கத்தில் இருந்த நண்பன் இடைவேளை வரைக்கும் நச்சரித்தான்.

"இது எந்த வருஷம்டா? கார் பாத்தா தாத்தா காலத்து கார். எல்லாரும் தொப்பி போட்டுகினு சுத்துறானுங்க. ஆனா வில்லன் ரூம்ல கம்ப்யூட்டர் கீது!"

எனக்குக் குழப்பமே வரவில்லை. எங்கள் வீட்டுத் தறியின் தலையில் சேலைக்கு டிசைன் போடும், தாத்தா காலத்துத் துளை அட்டைகள் தொங்கும். அதன் கீழே உட்கார்ந்து அப்பா சேலையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் வியாபாரிக்கு அனுப்புவார். இரண்டும் ஒரே காலம்தான். அப்படி ஒரு நகரத்தை வரைவது ஒருவருடைய வேலை என்று தெரிந்ததும், அந்த வேலை எனக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியில் அனிமேஷன் படித்து முடித்து, சென்னையில் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தேன். பறக்கும் நாயகன் வாழும் நகரத்தை வரைய வேண்டும், பார்ப்பவரால் வருஷம் சொல்ல முடியக் கூடாது, இதுதான் தேர்வு. முனை வளைந்த கட்டடங்கள், உருண்டை விளக்குக் கார்கள், கடைவாசலில் கறுப்பு வெள்ளை டிவி என்று ஆறு படங்கள் அனுப்பினேன்.

ஒரு காலையில், தேர்வு நடத்திய அம்மையார் வீடியோ காலில் வந்தார்.

"வருஷம் சுத்தமா தெரியல, நல்லா பண்ணியிருக்கீங்க. ஆனா ஆறு படத்துலயும் ஜனங்க ஓரமாவே போறாங்க. காரும் ஓரமா நிக்குது. ரோடு நடுவுல ஒண்ணுமே இல்லையே, ஏன்?"

உண்மைதான். வரைந்த எனக்கே அது தெரிந்திருக்கவில்லை. பின்னால் நூல் சுற்றிக்கொண்டிருந்த அம்மா குறுக்கே புகுந்தார்.

"நடுவுல பாவு கட்டிகினு இருக்கும்போது வண்டி எப்பிடிம்மா வரும்? இழை அறுந்துடாது?"

"பாவா?"

போனை வாசல் பக்கம் திருப்பிக் காட்டினேன். நெய்வதற்கான நீள இழைகளைத் தெரு நெடுக இழுத்துக் கட்டிச் சீர் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் பைக்கிலிருந்து இறங்கி, சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

அம்மையார் சிரித்துவிட்டார். "உங்க ஊருக்கு சரி. அந்த ஊர்ல யாரும் நெய்யலையே. கார் போட்டு மதியத்துக்குள்ள அனுப்புங்க, அதைப் பாத்துதான் வேலையை முடிவு பண்ணுவேன்."

நடுவில் இரண்டு கார் வைத்துப் பார்த்தேன். எங்கேயும் இருக்கும் ஒரு ஊராகிவிட்டது. எடுத்துவிட்டேன். நான் வரைந்த ஊர்க்காரர்கள் நடுத்தெருவை எதற்காக விட்டு வைப்பார்கள்? யோசித்ததும் பிடிபட்டது. மேலிருந்து பறந்து வந்து ஒருவர் இறங்குகிறாரே, அவருக்கு இடம் வேண்டாமா!

ஏழாவது படம் வரைந்து அனுப்பினேன். தெரு நடுவில், அவர் இறங்கி இறங்கி உடைந்த கற்களுக்குப் பதில் வேறு வேறு நிறத்தில் ஒட்டுக்கற்கள். மேலிருந்து அவர் இறங்கிக்கொண்டிருக்க, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், தூசி விழாதபடி டீ கிளாஸை உள்ளங்கையால் மூடும் ஒரு மனிதர்.

மதியம் அம்மையாரே கூப்பிட்டார்.

"கார் போடச் சொன்னேனே?"

"போட்டுப் பாத்தேன் மேடம். ஊர் கெட்டுப் போச்சு."

ஏழாவது படத்தை மறுபடி திறந்து பார்க்கிறார் என்று மவுஸ் சத்தத்தில் தெரிந்தது.

"திங்கட்கிழமை வேலைக்கு வந்துடுங்க."

அம்மா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "மேலருந்து ஒருத்தன் வரான், இந்தாளு பாட்டுக்கு டீ குடிச்சிகினு கீறானே, பயமில்லையா?"

"அவங்களுக்குப் பழகிடுச்சும்மா."