தாய்க்கும் மகளுக்கும் நடுவில்

இன்று காலை கம்பம் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெண், மடியில் நான்கு வயது மகள். குழந்தை அமெரிக்கக் கார்ட்டூன் குரலில், ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி அழுதது.

அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். "அக்கா, இவ என்ன சொல்றா? நான் திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போகயில போனைக் குடுத்துட்டுப் போவேன். இப்ப அந்தப் பேச்சுத்தான் வருது, தமிழே வரல."

"நீ வேலைக்குப் போயிட்டா அவளுக்கு உன்னைத் தேடுதாம்மா."

மகளை இறுக அணைத்துக்கொண்டாள். "எனக்கும் அப்படித்தான்னு அதுல எப்படிக்கா சொல்லணும்?"

'மிஸ் யூ டூ' என்று சொல்லிக்கொடுத்தேன். தட்டுத்தடுமாறிச் சொன்னாள். குழந்தை அழுகையை நிறுத்தியது.

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. நீங்களாக இருந்தால் அந்த இருவரில் யாருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள், தாய்க்கு ஆங்கிலமா, மகளுக்குத் தமிழா?