ஒரே சுவருக்குப் பின்னால் ஐந்து பெட்டிகள்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு படகுக் கம்பெனிக்குச் சொந்தமான வயர்லெஸ் அலைவரிசை இருக்கிறது. படகுகள் பேசாத நேரத்தில் எங்கள் ஆய்வுக் குழு அதில் தகவல் அனுப்பிப் பார்க்கலாம். அவர்கள் வாய் திறந்தால் நாங்கள் மூடிக்கொள்ள வேண்டும். அதற்கு அனுமதி இருந்தது. கம்பெனியிடம் பேசிச் சம்மதிக்க வைத்தவன் என் தம்பி. அங்கேதான் ஒரு படகில் எஞ்சின் பார்க்கிறான்.

அலைவரிசை காலியா என்று கேட்க, பன்னிரண்டு மொட்டைமாடிகளில் சென்சார் பெட்டிகள் வைத்திருந்தோம். எல்லாவற்றையும் ஓட்டினால் பேட்டரி தாங்காது. ஆறைத் தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஐந்தைக் கொச்சங்காடியில் ஒரே சந்தில் எடுத்தேன். காரணத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அது எங்கள் ஊர்க்காரர்கள் குடியிருக்கும் சந்து. மாடியேற யாரிடமும் கெஞ்ச வேண்டாம், மலையாளத்தில் உளற வேண்டாம், போனால் சாயாவும் கப்பக்கிழங்கும் நிச்சயம். ஆறாவது பெட்டி, படகுத்துறையில் வயர்லெஸ் பார்க்கும் சேட்டன் வீட்டு மாடியில் இருந்தது.

சோதனை நாளன்று மதியமே மழைக்காற்று பிடித்துவிட்டது. ஐந்து பெட்டிகளும் 'காலி' என்றன. ஆறாவது மட்டும் 'ஆள் இருக்கு' என்று அடம்பிடித்தது. ஊரோடு ஒத்து வாழத் தெரியாத பெட்டி என்று கிண்டலடித்துவிட்டு அதை ஒதுக்கினேன். ட்ரான்ஸ்மிட்டரைப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் சேட்டன் போனில் கூப்பிட்டார். "மோளே, தம்பியோட படகு அழிமுகத்துல, கடல் வாய்ல, எஞ்சின் நின்னு ஆடுது, இங்கேர்ந்தே தெரியுது. முதல்ல வயர்லெஸ்ல என்னவோ விளிச்சான். பின்னே ஒரே இரைச்சல், ஒண்ணும் கேக்கலை."

அந்த இரைச்சல் என் ட்ரான்ஸ்மிட்டர்தான். அந்தச் சந்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் பழைய மசாலா கிடங்கு ஒன்று மலைபோல நிற்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன். ஐந்து பெட்டிகளும் அதன் முதுகுக்குப் பின்னால் செவிடாக உட்கார்ந்து, ஒன்றுக்கொன்று ஆமாம் போட்டுக்கொண்டிருந்தன. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா?  ட்ரான்ஸ்மிட்டரை அணைத்தேன்.

போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சேட்டனின் வயர்லெஸ் கரகரத்தது. பிறகு தம்பியின் குரல்: "யாராச்சும் இருக்கீங்களா? கல்லுப் பக்கம் இழுக்குது, கயிறு கொண்டு வாங்க…" அவ்வளவு பயந்த குரலை அவனிடம் நான் கேட்டதே இல்லை. சேட்டன் உடனே வேறொரு படகை அனுப்பினார். அது போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவர் சொல்லும்வரை நான் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தான். கன்னத்தில் ஒரு கீறல், அவ்வளவுதான். தலையைத் துவட்டியபடியே கேட்டான்: "வயர்லெஸ் செட்டு பழசு அக்கா, கத்திக் கத்தித் தொண்டை போச்சு. இன்னைக்குத்தானே உன் சோதனை? நடுவுல நான் கத்தி, அதைக் கெடுத்துட்டேனா?"

பதில் தெரிந்திருந்தும் அதைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது.

"இல்லடா," என்றேன். "உன் வாயைப் பொத்தினதே நான்தான்."