ஆறு நாள் கெடாத கறியும் குற்றாலத்துப் பசியும்

மதுரை வெயிலில் வெந்துகொண்டிருந்தபோது, குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதாகத் தகவல் வந்தது. அந்த வாரமே நானும் என் வீட்டுக்காரரும் கிளம்பிவிட்டோம். ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: போனில் நாலரை ஸ்டார் காட்டாத கடையில் இவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

தென்காசி ரயில் நிலையத்திலிருந்து ஐந்தருவி ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது ரூபாய். எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் அருவியில் நின்றோம். வெளியே வந்ததும் பசித்தது பாருங்கள் ஒரு பசி, கல்லைக் கொடுத்தாலும் கடித்திருப்பேன்.

திரும்பும் வழியில் ஆட்டோக்காரர் ஒரு சின்னப் பரோட்டாக் கடை முன்னால் நிறுத்தினார். எதிர்க் கடையில் ஒரே கூட்டம். இங்கே ஈ காக்கை இல்லை. இவர் போனை எடுத்தார். ஐந்து ஸ்டார்! ஆனால் கீழே வாடிக்கையாளர்கள் எழுதியதைப் படித்ததும் முகம் மாறியது. 'கறி வறுவல் ஆறு நாள் ஆகியும் கெடவில்லை, சூப்பர்' என்று ஒருவர். 'நாலு நாள் பழசு என்று சொல்லவே முடியாது, மாஷா அல்லாஹ்' என்று இன்னொருவர்.

"பழைய கறி விக்கிற கடையாம்மா, வா போயிடலாம்" என்றார்.

"ஸ்டாரைப் பாத்தா வயிறு நெறையுமா அண்ணாச்சி? நான் டெய்லி இங்கனதான் திங்கேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டோக்காரர் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். அவர் இல்லாமல் நாங்கள் எங்கே போவது? நாங்களும் உட்கார்ந்தோம்.

கண்ணெதிரே பச்சைக் கறி வாணலியில் விழுந்தது. சொட்டுத் தண்ணீர் விடாமல், தேங்காய் எண்ணெயிலேயே சுருளச் சுருள வதக்கினார் கடை நடத்தும் பாத்திமா. அவர் கணவர் மைதீன் பரோட்டா வீசினார். ஐயோ, அந்த ருசி! இவர் மூன்றாவது பரோட்டா கேட்டபோது நான் வாயைத் திறந்தேன். "இவ்வளவு சுடச்சுடத் தர்றீங்க, அப்புறம் ஏன் ஆறு நாள்னு போட்டிருக்கு?"

"அது இவுக துபாய்ல இருந்தப்ப கூட இருந்த கூட்டாளிமாரு எழுதுனது அக்கா. லீவு முடிஞ்சு போறவுககிட்ட ரூமுக்குக் கறி வறுத்துக் குடுத்துவிடுவேன். வச்சு வச்சுத் திம்பாவ. உள்ளதைத்தான எழுதியிருக்காவ?" என்றார் பாத்திமா பெருமையாக.

இவர் போனைக் காட்டி, நாங்கள் பயந்த கதையைச் சொன்னார். பாத்திமா தலையில் கைவைத்துக்கொண்டார். "அதான் வருதாவ, போனைப் பாக்குதாவ, போயிருதாவ! இந்தச் சாரலும் இப்படிப் போச்சுன்னா இவுக மறுபடி பிளைட் ஏறணுமே அக்கா. பிள்ளை இப்பதான் பழகி, வாப்பா மடிய விட்டு எறங்க மாட்டேங்கா."

அதற்குள் மைதீன் துபாய்க்குப் போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்: "ஏலே, பாராட்டுனது போதும்லே! நாள் கணக்கை மொதல்ல எடுங்கலே!"

நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் துபாயிலிருந்து திருத்தங்கள் வந்துவிட்டன. ஆவி பறக்கும் தட்டைப் படமெடுத்து, 'இப்போது சமைத்தது, இப்போதே சாப்பிட்டோம்' என்று இவரும் எழுதினார். நாங்கள் ஆட்டோவில் ஏறும்போது ஒரு வேன் வந்து நின்றது. முன்சீட்டுப் பெண் போனைப் பார்த்தார். நான் ஒரு காலை ஆட்டோவில் வைத்தபடி அவரையே பார்த்தேன். "இறங்குங்க, இங்கேயே சாப்பிடலாம்" என்றார்.

சீசனில் போகிறவர்கள் பன்னிரண்டு மணிக்குள் குளித்துவிட்டால் நெரிசலில்லாமல் சாப்பிடலாம். பார்சலும் வாங்குங்கள். ஊரில் வைத்து நாலு நாள் சாப்பிட்டுத் தாராளமாகப் பாராட்டுங்கள். எத்தனையாவது நாள் சாப்பிட்டீர்கள் என்பதை மட்டும் எழுதிவிடாதீர்கள். மைதீன் இந்த ஊரிலேயே இருக்கட்டும்.