செவ்வாய்க்கிழமை ஆறாம் பீரியட்

அந்த நோட்டில் என் மகளின் பெயருக்கு நேரே ஒரு புள்ளிகூட இல்லை. மற்றவற்றில் பாதிப் பெயர்களுக்கு நேரே சிவப்பு மையில் எறும்பு ஊர்ந்ததுபோல் புள்ளிகள் இருந்தன. சிலருக்கு இரண்டு, மூன்று. சில பையன்களுக்கு வரி நிறைந்து அடுத்த வரிக்கும் வழிந்திருந்தது. ஆசிரியர் அறையில் நான் டீ குடித்துக்கொண்டிருந்த மேசைமேல் பி.டி. டீச்சர் அதை விரித்து வைத்தார். எட்டாம் வகுப்பின் விளையாட்டுப் பீரியட் முழுக்க மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, யார் யார் எத்தனை முறை பந்தைத் தொடுகிறார்கள் என்று குறித்திருந்தார். ஒரு தொடலுக்கு ஒரு புள்ளி.

"பாதிப் பிள்ளையள் ஒருக்காகூட பந்தத் தொடல்ல சாரே. அதுல ஒண்ணு உங்க மவ."

"அவ ஸ்கோர் எழுதுவா டீச்சர்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவள் கையெழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும்.

"ஸ்கோர் எழுதுனா வேர்க்குமா சாரே?"

கருங்கல் ஊருக்குப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் நான் கணக்கு வாத்தியார். அப்போதே அங்கே பதினைந்து வருடம் ஆகியிருந்தது. பத்தாம் வகுப்புக்குச் செவ்வாய்க்கிழமை ஆறாம் பீரியட் அட்டவணையில் விளையாட்டு என்று இருக்கும், நடப்பது கணக்கு. யாரிடமும் கேட்டு வாங்கியதில்லை. சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய் நிற்பேன், பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் நோட்டைத் திறப்பார்கள். முன்பிருந்த விளையாட்டு ஆசிரியருக்கு அது வசதியாக இருந்தது. புதிதாக வந்த இந்த டீச்சர் முட்டத்துக்காரி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கல்லூரியில் கைப்பந்து ஆடியவர். வந்த முதல் வாரமே என் முன்னால் வந்து நின்று, "சாரே, செவ்வாய்க்கிழமை ஆறாம் பீரியட் எனக்கது" என்றார். பத்தாம் வகுப்பு, பொதுத்தேர்வு, தேர்ச்சி விகிதம் என்று நான் வழக்கமான பாடத்தை ஒப்பித்தேன். அவர் வாதாடவில்லை. "செரி சாரே, பொறவு கேக்கேன்" என்று போய்விட்டார்.

அதன்பின் மைதானத்தில் அவர் செய்ததையெல்லாம் வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை எங்கள் பள்ளியில் விளையாட்டு என்றால் ஒரு பந்து, இரண்டு அணி, ஓடத் தெரிந்த பத்துப் பதினைந்து பையன்கள். பெண்பிள்ளைகள் அயனி மரத்தின் அடியில் உட்கார்ந்து முடி பின்னுவார்கள். நோட்டில் புள்ளி வைத்து முடித்ததும் டீச்சர் பழைய துணியைச் சுருட்டி இறுக்கிக் கட்டிப் பத்துப் பந்துகள் செய்தார். நாலு பேருக்கு ஒரு பந்து. அணித்தலைவன் ஆள் பொறுக்குவதை நிறுத்தினார். கடைசிவரை யாரும் பொறுக்காமல் ஒரு பிள்ளை நிற்கிற அந்த நிமிஷம் அதோடு ஒழிந்தது. எவனை எவன் முந்தினான் என்று அவர் கேட்பதில்லை. போன வாரம் எத்தனை எறிந்தாய், இந்த வாரம் எத்தனை என்றுதான் கேட்பார். எனக்கு அதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தெரிந்தது. கப் வாங்கித் தரத்தானே விளையாட்டு டீச்சர் என்று சக ஆசிரியர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

நோட்டை விரித்த அன்று அவர் கேட்டது என் மகளைப் பற்றி. அவளுக்கு ஐந்து வயதில் கடுமையான மூச்சிழுப்பு வந்தது. அவள் அம்மா குவைத்தில் நர்ஸ். கொட்டுகிற மழையில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் குழித்துறைக்குப் போனேன். பாலத்தின்மேல் வண்டிகள் அடைத்து நின்றன. என் கையின்மேல் அவள் விலா எலும்புகள் உள்வாங்கி உள்வாங்கி எழுந்ததை இன்றும் என் கை மறக்கவில்லை. அன்றிலிருந்து அவளை நான் ஓடவிட்டதில்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும், என் மகளுக்கு விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கு வேண்டும் என்று என் கைப்பட எழுதிக் கொடுத்துவிடுவேன்.

"இழுப்பு உள்ள பிள்ளையளும் விளையாடலாம் சாரே. டாக்டருகிட்ட ஒருக்கா கேட்டுப் பாருங்க" என்றார் டீச்சர்.

"எனக்க பிள்ளைய எனக்குத் தெரியும்."

அவர் நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார். அதற்குப்பின் மூன்று வாரம் இருக்கும், ஒருநாள் வராந்தாவில் என்னைக் கண்டதும் முகம் மலரச் சிரித்தார். எதற்கென்று எனக்குப் புரியவில்லை.

ஜனவரியில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும். பள்ளி மதிலுக்கு அந்தப்புறம் ஒரு ரப்பர் தோட்டம் உண்டு. ஒருநாள் மதியம் அங்கே யாரோ சருகைக் கூட்டித் தீ வைத்தார்கள். நான் ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூச்சிரைக்க ஓடி வந்து, "சார், உங்க மவளுக்கு மூச்சு முட்டுது, கிரவுண்டுல" என்றாள். மரத்தடியில் இருக்க வேண்டியவள் கிரவுண்டில் என்ன செய்கிறாள் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை, ஓடினேன். அதற்குள் டீச்சர் அவளைப் புகையிலிருந்து விலக்கி, கிணற்றடிப் பக்கம் கொண்டுபோய் முன்னால் சாய்த்து உட்கார வைத்திருந்தார். மகளின் இன்ஹேலர் டீச்சரின் கையில் இருந்தது. "மெள்ள, மக்கா, மெள்ள. இன்னொருக்கா இழு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது மூச்சு தணிய ஆரம்பித்திருந்தது. அதெல்லாம் என் கண்ணில் படவில்லை. எல்லாப் பிள்ளைகளின் முன்னாலும் டீச்சரைப் பார்த்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

தலைமையாசிரியை எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். எழுத்துமூலம் புகார் தரப்போகிறேன் என்றேன் நான். தலைமையாசிரியை டீச்சரைப் பார்த்து, "விலக்கு உள்ள பிள்ளைய எப்பிடி எறக்கினீங்க?" என்று கேட்டார். டீச்சர் தன் ஃபைலில் இருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். என் மகளை இனி விளையாட்டு வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம், இன்ஹேலர் அவள் பையில் இருக்கும் என்று எழுதி, கீழே என் கையெழுத்து. முதலெழுத்தின் வளைவு, அடியில் நான் இடுகிற கோடு, கோட்டின்கீழ் இரண்டு புள்ளிகள். எல்லாம் என்னுடையவைதான். நான்தான் எழுதவில்லை.

டீச்சர் என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். அந்தத் தாளைக் காட்டி அவர் தப்பித்திருக்கலாம், ஏமாந்தவர் அவர்தானே. ஆனால் அவர் தலைமையாசிரியையிடம் சொன்னது வேறு. "லெட்டர் வந்தாலும் நான் சாருகிட்ட வாயத் தெறந்து ஒருக்கா கேட்டிருக்கணும். ஒரு செவருக்கு அந்தப்பக்கம்தான் இருக்காரு. புகை வந்த ஒடனே பிள்ளையள உள்ள கூட்டிட்டுப் போயிருக்கணும், அதையும் செய்யல்ல. தப்பு எனக்கது மேடம். பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க." நான் புகார் எழுதவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் மகள் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

"ஏன் மக்கா கையெழுத்துப் போட்ட?"

"கேட்டா நீங்க போடமாட்டீங்கன்னு தெரியும்லாப்பா."

"ஏதாவது ஆயிருந்தா?"

அவள் தட்டை நகர்த்தினாள். பிறகு, "ஆறு வாரமா உங்க ஜன்னலுக்குத் தெரியாத பக்கமா விளையாடுதேன், ஒண்ணும் ஆவல்லியே" என்றாள். "முதல்ல மதில்வரை நடக்கச் சொன்னாங்க. பொறவு வேகமா நடக்க. பொறவுதான் ஓட்டம். மூச்சு எப்பிடி இருக்குன்னு என்னையே சொல்லச் சொல்லுவாங்க. இப்ப மதில்வரை ஓடிட்டுத் திரும்பியும் வருவேன். இண்ணைக்குப் புகையினாலதான்ப்பா." சொல்லும்போதே அழுதுவிட்டாள். என் பெண் எதற்காகவும் அழுது நான் பார்த்ததில்லை. கணக்கில் நூறு வாங்கியபோதுகூட இந்த மதிலைப் பற்றிச் சொன்ன குரலில் அவள் பேசியதில்லை.

குவைத்துக்கு ஃபோன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மனைவி முதலில் மகளைத் திட்டினாள், கையெழுத்துக்காக. அப்புறம் என்னிடம், "வருஷாவருஷம் லெட்டர் குடுத்த விஷயத்த எனக்கிட்ட ஏன் சொல்லல்ல? இங்க எனக்க வார்டுல இழுப்புக்காரப் பிள்ளையளுக்கு மூச்சுப் பயிற்சி குடுக்கது நான். எனக்க வீட்டுல பிள்ளைய மரத்தடியில இருத்தி வச்சிருக்கீங்க" என்றாள். அந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போனேன். சோதித்துவிட்டு, மருந்தை ஒழுங்காக எடுத்தால் தாராளமாக விளையாடலாம், புகையும் தூசியும் இருக்கிற இடம் வேண்டாம், இன்ஹேலர் எப்போதும் எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும் என்றார். அதை எழுதித் தரச் சொல்லி வாங்கி, என் கடிதத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். இந்த முறை கையெழுத்து நான் போட்டது.

டீச்சர் தாளை வாங்கிப் படித்தார். நான் மன்னிப்புக் கேட்க வாய் எடுப்பதற்குள், "இனி தீ வைக்கதுக்கு முன்ன நம்மகிட்ட சொல்லணும்னு மதிலுக்கு அந்தப்பக்கம் சொல்லியிருக்கேன் சாரே" என்றார். நான், "செவ்வாய்க்கிழமை ஆறாம் பீரியட் நீங்களே எடுத்துக்கிடுங்க டீச்சர்" என்றேன். அவர் ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்தார். "கொள்ளாம், நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டு விசில் ஊதினார்.

பத்தாம் வகுப்பின் மதிப்பெண் அந்த வருடம் கூடியது என்று எழுத ஆசைதான். கூடவில்லை. குறையவும் இல்லை, எப்போதும் போலவே இருந்தது. ஒரு கணக்கு வாத்தியாருக்கு அதைவிடச் சங்கடமான விடை வேறில்லை. அத்தனை வருடமாக நான் பிடுங்கிக்கொண்ட பீரியடுகளைக் கழித்த பிறகும் மீதி அதேதான் என்றால், எடுத்ததால் யாருக்கு என்ன கிடைத்தது? அத்தனை பிள்ளைகளின் செவ்வாய்க்கிழமைகளை நான் எங்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது?

மகள் இப்போது நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கிறாள். எந்த அணியிலும் இல்லை, கப் எதுவும் வாங்கியதில்லை. மாலையில் விடுதிக்குப் பின்னால் தோழிகளோடு பேட்மிண்டன் ஆடுகிறாள். தோற்றுப்போனதைச் சிரித்துக்கொண்டே ஃபோனில் சொல்கிறாள். பின்னணியில் கேட்கும் அந்த இரைப்பு, ஓடி நின்ற பிள்ளைக்கு வருகிற சாதாரண மூச்சிரைப்பு என்று எனக்கு இப்போது பிரித்துக் கேட்கத் தெரியும்.

டீச்சர் இரண்டு வருடத்துக்கு முன் மாறுதலாகித் தோவாளைப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போனார். போன மாதம் ஃபோன் செய்தார். நலம் விசாரித்துவிட்டு, "சாரே, ஒரு உதவி. இங்கயும் கணக்கு சாருதான் எனக்க பீரியட எடுக்காரு. நான் சொன்னா ஏறமாட்டேங்குது. நீங்க ஒருக்கா வந்து பேசுவியளா?" என்றார். சிரிப்பு வந்தது. மறுவாரம் விடுப்பெடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்தப் பள்ளியின் இளம் கணக்கு ஆசிரியர் மாடி வராந்தாவில், கையில் சாக்பீஸோடு ஒன்பதாம் வகுப்புக்குள் நுழையப் போய்க்கொண்டிருந்தார். பதினைந்து வருடம் நான் நடந்த அதே நடை. நானும் கணக்குதான் என்று அறிமுகம் செய்துகொண்டேன். மதிப்பெண் கூடாத, குறையாத கதையை முதலில் சொன்னேன். கணக்கு வாத்தியாருக்கு அதுதான் புரியும். பிறகு கள்ளக் கையெழுத்தைச் சொன்னேன். உள்ளே வகுப்பு மூச்சுவிடாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் சாக்பீஸை விரல்களுக்கு இடையில் உருட்டினார்.

"இண்ணைக்கு ஒரு நாள் விடுதேன் சார்" என்றார் கடைசியில்.

"இண்ணைக்கு அது போதும்" என்றேன்.

நான் படியில் பாதி இறங்கவில்லை, அதற்குள் ஒன்பதாம் வகுப்பு முழுவதும் இரண்டு பக்கமும் என்னை இடித்துக்கொண்டு கீழே பாய்ந்தது. கைப்பிடிச் சுவரோடு ஒண்டிக்கொண்டேன். கீழே வெயிலில் நின்ற டீச்சர் இரண்டு கைகளையும் உயர்த்தி, "ஏலே, படியில ஓடாதே! படியில ஓடாதேன்னு சொன்னேம்லா!" என்று கத்திக்கொண்டிருந்தார். ஒருவரும் கேட்கவில்லை.