முகவரி மட்டும் சரியாக இருக்கிறது

காலில் சீழ் வைத்த புண்ணுக்காக அப்பாவைப் பவானிபூரில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தேன். நோயாளிகளின் விவரங்களை அங்கே ஏற்றிவைக்கும் மென்பொருள் நான் எழுதியது. அந்தத் திமிரோடுதான் உள்ளே போனேன்.

இவருக்குப் பென்சிலின் ஆகாது, மூச்சு அடைத்துக்கொள்ளும் என்று வார்டு நர்ஸிடம் சொன்னேன். என் கண்ணெதிரே தட்டிச் சேமித்தாள். அப்பா சிரித்தார். "உன் கம்ப்யூட்டர்தானேடா? அப்புறம் என்ன கவலை!"

கீழே இறங்கினால், வரவேற்பில் அதே பதிவு காலையிலிருந்தே திறந்து கிடந்தது. அதில் பழைய ஹவுரா முகவரி. எனக்குப் பொறுக்குமா? "நாங்க லேக் கார்டன்ஸ் வந்து நாலு வருஷமாச்சு தாதா, முதல்ல இதை மாத்துங்க" என்று அங்கே இருந்தவரை வங்காள வழக்கப்படி அண்ணன் முறை வைத்துக் கேட்டு, பக்கத்திலேயே நின்று மாற்றிச் சேமிக்க வைத்தேன்.

இரண்டு மணிக்கு அந்த நர்ஸின் ஷிப்ட் முடிந்தது. மாலையில் வந்த டாக்டர் திரையைப் பார்த்தார். ஒவ்வாமைக் கட்டம் காலி. அப்பா காய்ச்சல் மயக்கத்தில் கிடந்தார். ஊசி போட்டார்கள். நான் மருந்துக்கடையிலிருந்து திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் அந்தப் பெண்ணைப் பிடித்துக் கத்தினேன். "எழுதினேன் தாதா, மா காளி சத்தியமா எழுதினேன்" என்றாள். "பொய் சொல்லாதே! இதோ காட்டறேன்" என்று யார் எப்போது சேமித்தார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன்.

எழுதியிருக்கிறாள். அதற்குப் பன்னிரண்டு நிமிடம் கழித்து வரவேற்பில் சேமித்திருக்கிறார்கள். என் புரோகிராம் மாறியதை மட்டும் எழுதாது, படிவத்தை முழுசாக எழுதும். அவர்கள் திரையில் இருந்தது காலைப் பிரதி. அதிலிருந்த காலிக் கட்டம், அவள் எழுதியதை அழித்துவிட்டது.

"ரெண்டு பேர் ஒரே பதிவைத் திறந்தா என்ன ஆகும்?" என்று இந்தப் புரோகிராமை எழுதும்போதே என்னுடன் வேலை பார்த்த பெண் கேட்டாள். "அதெல்லாம் எங்கேம்மா நடக்கப்போகுது, விடு" என்றேன். பாவி, எவ்வளவு அலட்சியம்!

நர்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு வார்டுக்குள் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இப்போது யாராவது பழைய பிரதியைச் சேமிக்கப்போனால், வேறொருவர் இதை மாற்றியிருக்கிறார் என்று சொல்லித் திரை தடுக்கிறது. இருபது நிமிட வேலை. அதை முடித்துவிட்டு அப்பாவின் பதிவைத் திறந்தேன். ஒவ்வாமை என்ற இடத்தில் ஒன்றுமில்லை. முகவரியில் லேக் கார்டன்ஸ் என்றிருந்தது, நான் சொன்னபடியே.