கழுத்தைக் கொடுத்த வைத்தியர்கள்

சவரக் கத்தி பிடிக்கிற ஆளுக்கு எந்த வியாதி வேண்டுமானாலும் வரலாம், தும்மல் மட்டும் வரக்கூடாது. கடைத்தெருச் சலூன் மாஸ்டருக்கு அதுதான் வந்து தொலைத்தது.

வருஷம் முழுக்க வந்தால்கூடப் பரவாயில்லை, ஆள் வேறு தொழில் தேடிப் போயிருப்பார். பூக்காலத்தில் ஆறு வாரம் மட்டும் வரும். கடைத்தெருவில் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கும் மரங்கள் ஒரே நாளில் பேசிவைத்தாற்போல் பூக்கும். நிறுத்தி வைத்த வண்டிகள் மேலெல்லாம் மஞ்சளாகப் பூந்தூள் படியும். போகிறவர் வருகிறவரெல்லாம் அண்ணாந்து பார்த்து "அடடா, என்ன அழகு!" என்பார்கள். மாஸ்டர் உள்ளே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஏழு, எட்டு, ஒன்பது என்று தும்மிக்கொண்டிருப்பார். அவருடைய தும்மல் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வருகிற ஜாதி கிடையாது. அந்த ஆறு வாரத்தில் எந்த மடையன் கழுத்தை நீட்டுவான்? முதல் வருஷம் "சவரம் வேணாம் மாஸ்டர், முடி மட்டும் வெட்டுங்க" என்றார்கள். அடுத்த வருஷம் காதும் கிட்டத்தில்தானே இருக்கிறது என்று அதுவும் வேண்டாம் என்றார்கள்.

மாத்திரை போடாமல் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் மருந்துக் கடையில் கேட்டு ஒன்று வாங்கிப் போட்டார். மூக்கு நின்றது, கூடவே கண்ணும் சொருகியது. பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் நாற்காலியில் இருந்தார். நின்றபடியே ஒரு நொடி அசந்துபோன மாஸ்டர், மெஷினை நெற்றியில் தொடங்கி உச்சி வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார். மறுநாள் பள்ளியில் குரூப் போட்டோ. அந்த வருஷத்துப் போட்டோவில் மட்டும் தலைமை ஆசிரியர் தொப்பியோடு உட்கார்ந்திருப்பார். மனுஷன் பெரிய மனசுக்காரர், மன்னித்துவிட்டார். ஆனால் அதற்கப்புறம் உட்காருவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் "மாத்திரை எதுவும் போட்டிருக்கீங்களா?" என்று கேட்காமல் உட்கார்ந்ததில்லை. மாஸ்டரும் அன்றோடு மாத்திரைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இயற்கை வழிதான் என்று முடிவு கட்டினார்.

இந்த வருஷம் எதிர்ப்பக்கத்தில் புதுக்கடை வேறு வந்துவிட்டது. ஏசி, மூன்று நாற்காலி, சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்தக் கடைக்காரர் கெட்டவராக இருந்திருந்தால் திட்டியாவது ஆறுதல் அடையலாம். அவரோ தங்கமான மனுஷர். ஒருநாள் தெருவைத் தாண்டி வந்து, "அண்ணே, நாலாவது நாற்காலி ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கேன். உங்களுக்குத்தான். அவசரமில்ல, பூக்காலம் முடியட்டும், யோசிச்சுச் சொல்லுங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டர் திரும்பித் தன் கடையைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் சொந்தக் கடை. இந்த வயதில் இன்னொருத்தர் கடையில் போய் "வாங்க சார்" சொல்வதா?

"இந்தப் பூக்காலத்தைத் தாண்டிட்டா கடை நம்மது. தாண்டலன்னா எதிர்க்கடையில நாலாவது நாற்காலி" என்று மனைவியிடம் சொன்னார்.

மாஸ்டரின் தொழில் தர்மத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது, அவ்வளவுதான். ஒருத்தர் மழை வரும் என்றால் "கண்டிப்பா வரும் சார்". அடுத்தவர் வராது என்றால் "எங்க சார் வரப்போகுது". ஒரே காலையில் அவர் வாயால் அரசாங்கம் மூன்று முறை கவிழ்ந்து நான்கு முறை நிமிர்ந்திருக்கிறது. இதற்கென்றே ஒரு குரல் வைத்திருந்தார். சாதாரணக் குரலைவிடக் கொஞ்சம் தணிந்து, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, "அப்படியே புட்டுப்புட்டு வச்சிட்டீங்க சார்" என்பார். கேட்கிறவருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

தும்மலுக்கு வைத்தியம் சொல்லாத வாடிக்கையாளர் உண்டா? பூக்காலம் வர இரண்டு மாசம் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்கள். தலைமை ஆசிரியர், கொதித்து ஆறிய தண்ணீரில் உப்புப் போட்டு ஒரு மூக்கால் விட்டு மறு மூக்கால் வரவழைக்க வேண்டும் என்றார். கண்ணாடி முன்னால் எழுந்து நின்று செய்முறை விளக்கம் வேறு. பஸ் டிரைவர் ஒரு பாட்டில் தேனைக் கொண்டுவந்து கையில் திணித்தார். "இதே மரத்துல மொய்க்கிற தேனீயோட தேன் மாஸ்டர். தினம் ஒரு ஸ்பூன் சாப்பிட்டா உடம்பு பூவோட சமாதானமாயிடும்" என்றார். பேங்க்காரர் வைட்டமின் சி, ஜிங்க், இன்னும் வாயில் நுழையாத பேரில் இரண்டு கேப்சூல் என்று நேரம் போட்டு அட்டவணையே எழுதிக் கொடுத்தார். வெங்காயத் தோலில் இருக்கும் சத்தையெல்லாம் பிழிந்து எடுத்து அடைத்ததாம் அதில் ஒன்று. அப்புறம் ஜிம்காரர். அவர் கொடுத்தது தேனீக்கள் சேர்த்த சுத்தமான பூந்தூள் கேப்சூல். பூந்தூள் ஆகாத மனுஷனுக்குப் பூந்தூளையே டப்பாவில் போட்டுக் கொடுத்த புண்ணியவானை என்ன சொல்ல! "அற்புதமான யோசனை சார்" என்றார் மாஸ்டர். ஒன்றே ஒன்று விழுங்கியதும் தொண்டை அரித்து நாக்கு தடித்தது. அவர் மனைவி டப்பாவைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தாள். ஜிம்காரர் கேட்டபோது, "உள்ள போனதுமே வேலை செய்யுது சார்" என்றார் மாஸ்டர். அதில் பொய்யும் இல்லை.

மற்றதையெல்லாம் விடாமல் செய்தார். அடுத்த மாசம் அதே ஆள் அதே நாற்காலியில் உட்கார்ந்து "என்ன ஆச்சு?" என்று கேட்பாரே!

மாஸ்டரின் மனைவிக்குக் கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலை. பூக்காலத்தில் வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப்பேர் கண் சிவந்து, கசக்கிக்கொண்டு, இவள் புருஷன் மாதிரியே இருப்பார்கள். டாக்டரிடம் ஒருநாள் கேட்டாள். அவர் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். பூந்தூள் தலைமுடியில், துணியில், தலையணையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும். முதலில் அதை வரவிடாதீர்கள். அப்படியும் அடங்காவிட்டால் கூட்டிக்கொண்டு வாருங்கள், தூக்கத்தை வரவழைக்காத மருந்தெல்லாம் இப்போது இருக்கிறது. அவ்வளவுதான்.

சாப்பாட்டு நேரத்தில் புருஷனிடம் சொன்னாள். "ம்ம்" என்றார். மறுநாளும் சொன்னாள். "ம்ம், பார்க்கலாம்." மூன்றாம் நாள், அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பேங்க்காரரின் அட்டவணையைப் பிரித்து, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று தேடினார். அவள்தான் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லவில்லையே!

அதோடு சொல்வதை விட்டுவிட்டாள், செய்ய ஆரம்பித்தாள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஜன்னல்களை அடைத்தாள். மொட்டை மாடிக் கொடியை அவிழ்த்து உள்ளறையில் கட்டினாள். கடையிலிருந்து வந்த மனுஷனைக் கட்டில் பக்கம் அண்டவிடாமல் நேரே குளியலறைக்கு விரட்டி, தலைக்கு ஊற்றிக்கொண்டு வரச் சொன்னாள். ஒருநாள் விட்டு ஒருநாள் தலையணை உறையை மாற்றினாள். துடைப்பத்தை மூலையில் சாய்த்துவிட்டு ஈரத்துணியால் தரையைத் துடைத்தாள். வெளியே கிளம்பும்போது மாஸ்க்கை அவளே காதில் மாட்டிவிட்டாள்.

"இது வீடா, லாக்கரா?" என்று மாஸ்டர் சலித்துக்கொள்வார். இவளுக்குச் சுத்தப் பைத்தியம் முற்றிவிட்டது என்றுதான் அவர் நினைப்பு.

மரங்கள் பூத்தன. வண்டிகள் மஞ்சளாயின. மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். முதல் நாள் இரண்டு தும்மல். இரண்டாம் நாள் ஒன்று. கண் அரிப்பு கொஞ்சம் இருந்தது, ஆனால் கத்தி பிடித்த கை ஆடவில்லை.

அப்புறம்தான் வேடிக்கை. யார் யார் போன வருஷம் ஓட்டம் பிடித்தார்களோ, அவர்களெல்லாம் தங்கள் வைத்தியம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கத் திரும்பி வந்தார்கள். சும்மா பார்த்துவிட்டுப் போனால் மதிப்பா? "என் தேன் மேல எனக்கு நம்பிக்கை இருக்கு, போடுங்க கத்திய!" என்று பஸ் டிரைவர் கழுத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். பேங்க்காரர் நண்பர்கள் இரண்டுபேரைக் கூட்டிவந்து, அவர்கள் பார்க்க நுரை போட்டுக்கொண்டார். மாஸ்டரின் மூக்கை நம்பாதவர்கள் தங்கள் யோசனையை நம்பி உயிரையே பணயம் வைத்தார்கள். பெஞ்சில் உட்கார இடமில்லை. எதிர்க்கடைக்காரர் கண்ணாடி வழியாக எட்டி எட்டிப் பார்த்தார்.

நான்காவது வாரம் வெளியூரில் இருக்கும் மகள் வீடு மாறினாள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தவிக்கிறாளே என்று மாஸ்டரின் மனைவி நாலு நாள் லீவு போட்டுக் கிளம்பினாள். வாசலில் நின்று, "ஜன்னல், தலைக்குளியல், தலையணை. மறந்துடாதீங்க" என்றாள்.

"எல்லாம் எனக்குத் தெரியும், நீ போய்ட்டு வா" என்றார் மாஸ்டர். அவள் தெருமுனை திரும்புவதற்குள் ஜன்னல்களையெல்லாம் படாரென்று திறந்துவிட்டார். அப்பாடா! தலையணை உறையை அலசி மொட்டை மாடியில் நல்ல காற்றில் காயப்போட்டார். சாயங்காலம் வந்ததும் குளிக்காமல் கொள்ளாமல் கட்டிலில் விழுந்தார். ஆனால் தேனையோ கேப்சூலையோ உப்புத் தண்ணீரையோ ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை.

மூன்றாம் நாள் காலை தலைமை ஆசிரியர் நாற்காலியில் இருந்தார். முகம் முழுக்க நுரை. கத்தி தாடைக்குக் கீழே இறங்கும்போது மாஸ்டருக்கு மூக்கின் அடியில் ஊசி குத்தியது. கையை இழுத்துக்கொண்டு திரும்புவதற்குள் முதல் தும்மல் வந்துவிட்டது. அதற்குப்பிறகு வந்த எட்டையும் சுவரைப் பார்த்துத் தும்மினார். திரும்பிப் பார்த்தால் தலைமை ஆசிரியரின் காதுக்குக் கீழே நுரையில் சிவப்பாக ஒரு கோடு. சின்னதுதான். ஆனால் அந்த இடம் எந்த இடம் என்று மாஸ்டருக்குத் தெரியும். கத்தியை மேஜையில் வைத்துவிட்டுப் பஞ்சை எடுத்து அந்த இடத்தில் அழுத்தினார்.

தலைமை ஆசிரியர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "மாத்திரை போட்டீங்களா?"

"இல்ல சார். சத்தியமா இல்ல."

"உப்புத் தண்ணி?"

"ரெண்டு வேளையும் சார்."

சற்று யோசித்தார். "உப்பு கம்மியாப் போட்டிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். மற்றவர்களும் அப்படித்தான். டிரைவர் தேன் ஸ்பூன் சின்னதாக இருக்கும் என்றார். பேங்க்காரர் அட்டவணையில் ஒரு கேப்சூலைக் கூட்டினார். ஒருத்தராவது ஓட வேண்டுமே!

மாஸ்டருக்குத்தான் பயம் போகவில்லை. அன்று கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். தேன் அதே தேன், கேப்சூல் அதே கேப்சூல். பின்னே எங்கே இடித்தது? யோசனையாகத் தலையணையைத் தடவினார். விரல் நுனியில் மஞ்சளாக ஒட்டியது. ஜன்னல் விளிம்பைத் தொட்டார், அங்கேயும் மஞ்சள். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து எல்லா ஜன்னலையும் அடைத்தார், தலைக்கு ஊற்றிக்கொண்டார், தரையைத் தன் கையால் துடைத்தார். மறுநாள் மனைவி வந்து மிச்சத்தைச் சரிசெய்தாள். இரண்டே நாளில் மூக்கு அடங்கியது.

பூக்காலம் முடிந்தது. எதிர்க்கடைக்காரர் நாலாவது நாற்காலிக்கு வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். வெற்றி யாருடையது என்பதில் கடைக்குள் ஒரு தகராறும் இல்லை, ஏனென்றால் வாடிக்கையாளர்கள் தனித்தனியாகத்தான் நாற்காலியில் உட்காருகிறார்கள். "உங்களாலதான் சார் இந்தக் கடை நின்னுச்சு" என்று மாஸ்டர் ஒவ்வொருத்தருக்கும் தலையைச் சாய்த்துச் சொன்னார். பூந்தூள் கொடுத்த ஜிம்காரருக்கும் சொன்னார்.

ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மனைவி ஜன்னல்களைத் திறந்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் அவள் பக்கத்தில் போய் நின்றார். இரண்டு வாரமாகச் சொல்லாமல் விட்டதை இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும்.

"கடை நின்னது யாரால தெரியுமா? உன்னாலதான்" என்றார்.

சொல்லும்போதே அவர் காதிலும் விழுந்தது. தணிந்த குரல். தலை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது.

அவள் நிமிராமலே சிரித்தாள். "மத்தியானம் சாப்பாடு கொண்டாந்தப்ப பேங்க்காரர்கிட்டயும் இதையேதான் சொல்லிட்டிருந்தீங்க."

"அது சும்மா. இது நிஜம்."

"டிரைவர்கிட்டயும் 'இது நிஜம்'னுதான் சொன்னீங்க."

"சத்தியமாச் சொல்றேன்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். சத்தியத்தை நேற்றுத்தான் ஜிம்காரருக்குச் செய்திருந்தார். வேறு வார்த்தை தேடினார். கையெடுத்துக் கும்பிடணும், தெய்வம் மாதிரி, ஏழேழு ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன் – எதை எடுத்தாலும் அதை யாருக்கோ நுரை போட்டுக்கொண்டே சொன்ன ஞாபகம் வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை மனுஷன். சும்மா அவள் தோளைத் தொட்டபடி நின்றார்.

"சரி சரி, எனக்கு ஆச்சு" என்று அவள் கையை மெல்ல எடுத்துவிட்டாள். "அடுத்தவரைக் கூப்பிடுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானமாவது செய்திருப்பார். அவள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, தலையணை உறையை உதறி மடித்தாள்.